பீப்பாய்க் கொட்டாயின் பூர்வீகம்

ஒரே கட்டடத்துக்கு ஆளுக்கொரு பூர்வீகம் சொல்லி, அத்தனை பேரையும் நம்பவைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கென்று நல்ல பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டில் அது அச்சாகியும் இருந்தது. ஆனால் மஞ்சக்குப்பத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொட்டாயம்மா என்றால் தபால்காரரிலிருந்து தண்ணீர் வண்டிக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும்.

கொட்டாய் என்றதும் கீற்றுக் கொட்டாயை நினைத்துவிட வேண்டாம். பெரிய பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைத் தரையில் கவிழ்த்துவைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு தகரக் கட்டடம். இதுதான் சுவர், இதுதான் கூரை என்று பிரித்துச் சொல்ல முடியாது. தரையிலிருந்து கிளம்பும் சுவர் அப்படியே வளைந்து கூரையாகி, மறுபக்கம் இறங்கி மறுபடியும் சுவராகிவிடும். அலையலையாக மடிப்பு வைத்த வளைந்த தகடுகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். முன்னும் பின்னும் தட்டையான தகர அடைப்பு. முன்பக்கம் லாரி நுழையும் அகலத்துக்கு ஒரு கதவு. மைதானத்துக்குப் பின்னால் இரண்டு ஓட்டு வீடுகளுக்கு நடுவே, கேட்காமல் வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைப் போல அது இருந்தது.

அதற்குள் புழங்கியவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். காலண்டர் மாட்ட முடியாது. ஆணி அடித்து மாட்டினாலும் அது சுவரை விட்டுத் தள்ளி அந்தரத்தில் தொங்கும். பீரோவை ஓரமாகத் தள்ளினால் அதன் தலை இடித்துக்கொண்டு கால் நடுவழியில் நிற்கும். சித்திரை வெயிலில் உள்ளே போகிறவர்கள் குளித்துவிட்டு வந்ததுபோல் வெளியே வருவார்கள். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. மழை இல்லாத நாளிலோ, ஒரு கோடியில் முணுமுணுத்தால் மறு கோடியில் அட்சரம் பிசகாமல் கேட்கும். இந்தக் கடைசிக் குணத்தை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

நான் அப்போது கல்யாணங்களுக்குப் பாத்திரம், நாற்காலி, ஜமுக்காளம் வாடகைக்கு விடும் தொழில் பார்த்துவந்தேன். 2004 ஐப்பசி மாதம், கடையில் இடம் போதாமல், கொட்டாயில் ஒரு பகுதியைக் கேட்கலாம் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். கொட்டாயம்மாவுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி, கையில் எந்த நேரமும் ஒரு சாவிக்கொத்து. எங்களை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். பின்கோடிக்குப் போனதும் மனைவி என் காதருகில் வந்து, ஏதோ கெட்ட வாடை அடிக்கிறதே என்று மெதுவாகச் சொன்னாள்.

வாசலில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார். "அது வெள்ளக்காரன் சீஸும்மா. எத்தினி தடவ கழுவி உட்டாலும் போவாது."

பிறகு உள்ளே வந்தார். சாவிக்கொத்தால் தகரத்தை இரண்டு தட்டு தட்டினார். அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, யுத்த காலத்தில் பெங்களூரில் ராணுவ அதிகாரிகள் சாப்பிட்ட கூடம் இது என்றார். கிளாஸ் தட்டும் சத்தம், பியானோ, வெள்ளைச் சீருடையில் பரிமாறுகிற ஆட்கள். அவ்வளவுதான் சொன்னார். அவர் எப்போதுமே பாதிதான் சொல்வார் என்பதும், மீதியைக் கேட்கிற ஆளே சொல்லிக்கொள்வார் என்பதும் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. மேசை விரிப்பெல்லாம் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும் என்று அன்றைக்கு நானே எடுத்துக்கொடுத்தேன். கைதுடைக்கும் துணியை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருப்பார்கள் என்றும் சொன்னேன்.

"நேர்ல பாத்த மாதிரியே சொல்றீங்க தம்பி" என்றார் அவர். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாத்திரம்தான் வந்து சேர வேண்டும் என்று இருக்கிறது பாருங்கள் என்று மனைவியிடமும் சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், பழைய காலத்துத் தகரம் என்று தெரிந்தால் திருட்டுப் பயம் என்று எச்சரித்தார். நான் அந்த ரகசியத்தை ஏழு வருஷம் காப்பாற்றினேன். என்னைப் போலவே இன்னும் பலர் ஆளுக்கொரு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் குடிபோய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கடல் ஊருக்குள் வந்துவிட்டது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து கட்டிய துணியோடு வந்த குடும்பங்கள் மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடம், மண்டபம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் தங்கின. கொட்டாயம்மா யாரும் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்துவைத்துவிட்டார். என்னுடைய ஜமுக்காளங்களை என்னைக் கேட்காமலே எடுத்து விரித்தும் விட்டார். பெரியவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் வரவில்லை. காற்றுக்குத் தகரம் முனகுகிற சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்று அழுதன.

அவர் வெளியே போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். "இது கவுந்த கப்பலுடா" என்றார். "ஏற்கெனவே கவுந்து போச்சு. இனிமே எப்படிக் கவுறும்?"

எட்டு வயதுப் பெண் ஒருத்தி கொட்டாயை மேலும் கீழும் பார்த்தாள். கப்பலுக்கு அடிப்பக்கம் வளைவாகத்தான் இருக்கும் என்பது மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? யோசித்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மற்ற பிள்ளைகளும் பின்னாலேயே போயின. அந்த ஒரு பொய்க்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிள்ளைகளுக்குச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குச் சொன்னது மட்டும் உண்மை என்றும் தெரிந்தது. அவ்வளவு புத்திசாலி நான்.

கொட்டாயில் என்னைத் தவிர நிரந்தரமாக இரண்டு பேர் இருந்தார்கள். முன்பகுதியில் முந்திரி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் மூட்டைகளை அடுக்கியிருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், பேச்சில் கணக்கானவர், சிரிப்பில் தாராளமானவர். நடுப்பகுதி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாஸ்டரின் ஜெபக் கூட்டத்துக்கு. மழை பிடித்துக்கொண்டால் பிரசங்கம் யாருக்கும் கேட்காது. பாஸ்டர் கையைத் தூக்கும்போதெல்லாம் சபையார் குத்துமதிப்பாக ஆமென் சொல்லிக்கொள்வார்கள். இவை போக, இடம் காலியாக இருக்கும் நாட்களில் கொட்டாயம்மா எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டார். விநாயகர் சிலைக்கு வர்ணம் அடித்தார்கள். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் கரகம் ஆடிப் பழகினார்கள். ஒரு வைகாசியில் அண்ணாகிராமத்திலிருந்து ஒரு லோடு பலாப்பழம் வந்து இறங்கியது. அந்த மாதம் முழுக்க நான் எந்தக் கல்யாணத்துக்கு ஜமுக்காளம் அனுப்பினாலும், பந்தியில் பலாச்சுளை எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் தேடினார்கள்.

வருகிறவர்கள் எல்லாரிடமும் அவர் சாவிக்கொத்தால் தகரத்தைத் தட்டுவதை நான் தூரத்திலிருந்து பார்ப்பேன். பேச ஆரம்பிக்கும்போது ஆளைக் கொட்டாய்க்கு வெளியே அழைத்துப் போய்விடுவார். உள்ளே பேசினால் யார் காதில் விழும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

ஒரு முறை அவரோடு சிதம்பரம் போனேன். சிதம்பரம் அவர் பிறந்த ஊர். ஆனாலும் அங்கே அதிகம் போகமாட்டார். கேட்டால் பஸ்ஸில் கூட்டம் என்பார். அந்த ஊர்ப் புறவழிச் சாலையில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு வளைந்த தகரக் கூரை போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்டி என்று வந்துவிட்டால் பஸ்ஸாவது, கூட்டமாவது. போய்ப் பார்த்தோம். இப்போதெல்லாம் இடத்துக்கே இயந்திரத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் தகட்டைக் கொடுத்தால் மறுபக்கம் அது வளைத்துத் தள்ளிவிடுகிறது. நடுவில் தூண் கிடையாது. நீலக் கலரில் பளபளவென்று இருந்தது. கொட்டாயம்மா அண்ணாந்து பார்த்தார். சாவியால் தட்டிப் பார்த்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இது எங்கேயிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டார்.

"கோயமுத்தூர்லேர்ந்துங்க" என்றார் வாட்ச்மேன்.

"உங்கிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்காங்களா?" என்றார் இவர், பரிதாபமாக.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போட்டிக்காரரின் கட்டடம். அதற்குப் போய் இவர் எதற்குப் பெருமை சேர்க்க வேண்டும்? ஆனால் வெறுந்தகரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா வர அவரால் முடியவில்லை. யுத்தத்தில் ஆகாய விமானத்தை ஒளித்துவைத்த கொட்டாய்க்கு இதே அச்சு, இதே வளைவு என்று வாட்ச்மேனை ஓரமாக அழைத்துப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது அந்த வாட்ச்மேன், உள்ளே போக வந்த ஒருவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. 2011 கடைசியில் தானே புயல் வந்தது. விடிந்து பார்த்தால் ஊரே மொட்டையாக நின்றது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் அடுத்த தெருவில் கிடந்தன. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்துவிட்டன என்று கேள்விப்பட்டு, எப்போதும் சிரிக்கிற பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொட்டாய் மட்டும் ஒரு போல்ட்கூடக் கழலாமல் நின்றது. காற்று பிடித்து இழுக்க அதில் ஒரு மூலைகூட இல்லை. ஏறிய காற்று அப்படியே வழுக்கிக்கொண்டு மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது.

நாலு நாள் கழித்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். புயலுக்கு அசையாத கட்டடத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். சின்ன வயசு, சரித்திரம் என்றால் உயிர். எதைச் சொன்னாலும் கண் விரியக் கேட்டார். அப்படி ஒரு ஆள் கிடைத்தால் கொட்டாயம்மா சும்மா விடுவாரா? யுத்த காலத்தில் இந்த மைதானத்தில்தான் பட்டாளம் அணிவகுத்தது, இந்தக் கொட்டாயை அப்போது இதே இடத்தில்தான் நட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அதுவரை அவர் சொன்ன கதைகளில் எல்லாம் கொட்டாய் எங்கிருந்தோ வந்தது. இந்தக் கதையில் மட்டும் ஆதியிலிருந்தே இங்கேயே இருந்தது. வழக்கம்போல, வெளியே சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பத்திரிகைக்காரரிடம் அப்படிக் கேட்டுக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

போட்டோவோடு செய்தி வந்தது. கொட்டாயம்மா அதை வாங்கித் தெருவில் எல்லாருக்கும் கொடுத்தார். சந்தோஷம் ஒரு மாதம் நீடித்தது. அதற்குள் பழைய கட்டடங்களில் அக்கறை உள்ள யாரோ ஒருவர் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டார். பட்டாளம் கட்டியது என்றால் அரசாங்கக் கட்டடம், அது நின்ற இடமும் அரசாங்க இடம். அது எப்படித் தனியார் பேரில் பட்டா ஆனது? மீட்டு அருங்காட்சியகம் ஆக்க வேண்டும் என்பது மனு. விசாரிக்க ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வரப்போகிறார் என்று தகவல் வந்தது. அந்தக் கொட்டாயின் வாடகையில்தான் கொட்டாயம்மாவுக்குச் சாப்பாடும் மருந்தும். பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை அறைதான் அவருக்கு வீடு. பிள்ளைகுட்டி கிடையாது. கொட்டாய் போனால் எல்லாமே போயிற்று.

அவர் முகம் வாடியதை நான் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். பாயும் பாஸ்டரும் நானும் அவருக்குத் தைரியம் சொன்னோம். இந்தக் கொட்டாய் வேறு இடத்திலிருந்து வந்தது என்று சாட்சி சொன்னால் தீர்ந்தது, அது எங்களுக்கே தெரியும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கள் என்று அடக்கிவிட்டோம்.

ஆர்.ஐ. ஒரு காலை நேரத்தில் வந்தார். வழுக்கைத் தலை, பொறுமையான மனிதர். கொட்டாய்க்குள் என்னுடைய நாற்காலிகளையே போட்டு உட்கார்ந்தோம். எதிரே டீக்கடை வைத்திருப்பவரும் அக்கம்பக்கத்தாரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். முதலில் பாய் எழுந்தார். இது ரங்கூனில் ஒரு மரைக்காயருடைய அரிசிக் கிடங்கு, கப்பலில் ஏற்றி இங்கே முதுநகர் துறைமுகத்தில் இறக்கினார்கள், அந்த மரைக்காயர் தன் பாட்டனாருக்கு ஒருவகையில் உறவுகூட என்றார். ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். பாஸ்டர் எழுந்து, மன்னிக்க வேண்டும், இது நாகா மலையில் போர்வீரர்கள் கடைசியாக ஜெபித்த ஆலயம், அதனால்தான் தான் இந்த இடத்தைத் தேடி வந்ததாகச் சொன்னார். ஆர்.ஐ. அதையும் எழுதிக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் எழுந்த பிறகு உட்கார முடியவில்லை. பெங்களூர், அதிகாரிகள், சாப்பாட்டுக் கூடம் என்று மென்று விழுங்கினேன். அன்னப்பறவையை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆர்.ஐ. பேனாவை மூடினார். "ஏம்மா," என்றார், "மொத்தம் எத்தினி கொட்டாய் வச்சிருக்கீங்க?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கோபம் வரவில்லை. கொட்டாய் போகப்போகிறதே என்ற பயம்தான் வந்தது. காப்பாற்ற வந்த நாங்களே சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டோம். கொட்டாயம்மா தன் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். ஆர்.ஐ., இனிமேல் உண்மையைச் சொன்னால்தான் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்றார்.

"கோழி சார்" என்றார் கொட்டாயம்மா.

யாருக்கும் புரியவில்லை.

"கோழிக் கொட்டாய் சார் இது. எங்க வூட்டுக்காரரு மெட்ராசுல பழைய இரும்பு ஏலத்துல எடுத்தாரு. ரெண்டு லாரியில வந்திச்சு. அதுக்கு முன்ன எங்க இருந்திச்சின்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த எடத்த வாங்கி, அவரே ஆள வச்சி முடுக்குனாரு. முட்டக் கோழி வளத்தாரு. நல்லாத்தான் போயிட்டு இருந்திச்சு. சீக்கு வந்து ஒரே வாரத்துல அத்தினியும் செத்துப் போச்சு."

அதற்குமேல் அவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். பாதி சொல்லித்தானே அவருக்குப் பழக்கம். அன்றைக்கு முழுதாகச் சொன்னார். கணவர் தெருவில் நடந்தால் பையன்கள் பின்னால் நின்று கொக்கரிப்பார்களாம். சிதம்பரத்தில் கொட்டாயம்மாவின் பிறந்த வீட்டிலும் மாப்பிள்ளையைக் கோழிக்காரர் என்றுதான் கேலி பேசினார்களாம். மனிதர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அப்படியே கொஞ்ச காலத்தில் போயும் சேர்ந்துவிட்டார்.

"அவரு போன பின்னாடி அரிசி வைக்கணும்னு ஒருத்தரு வந்தாரு. முன்ன என்னா இருந்திச்சின்னு கேட்டாரு. கோழின்னு சொன்னா இவரும் சிரிப்பாரேன்னு இருந்திச்சு. மிலிட்டரின்னு சொல்லிட்டேன்."

ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தயக்கத்தோடு, இதுவரை கேட்டதில் நம்ப முடியாதது இந்தக் கதைதான், இதற்கும் சாட்சி வேண்டுமே என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் ஏற்கெனவே நாலு கதை வைத்திருந்தார்.

கூட்டத்திலிருந்து எதிர் டீக்கடைக்காரர் முன்னால் வந்தார். ஐம்பது வயதுக்காரர், தலையெல்லாம் நரை.

"நான் சாட்சி சார்" என்றார். "நான் கொக்கரிச்சிருக்கேன்."

இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த, ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும்தான் என்றார். சைக்கிள் கடைக்காரர் பேசாமல் கையைத் தூக்கினார். தெருவுக்கே தெரிந்திருந்தது. நாங்கள் வெளியாட்கள் மூன்று பேர்தான் ரங்கூனையும் நாகா மலையையும் பெங்களூரையும் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம். அவர் என்ன கதை சொன்னாலும் தெருக்காரர்கள் ஒருவர்கூட அது பொய் என்று எங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது.

கொட்டாயம்மா டீக்கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயாடா அது?" என்றார்.

"ஆமாம்மா."

"நெசக் கோழி மாதிரியே இருக்கும். ஒண்ணு பொழச்சிக் கெடக்குதுன்னு அவரு எழுந்து ஓடிவந்து பாப்பாரு."

டீக்கடைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு நேரமும் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த நான் எழுந்து என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். ஆர்.ஐ. தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் எழுதினார். அண்டை வீட்டார் தாங்கள் இளவயதில் கொக்கரித்ததை ஒப்புக்கொண்டனர் என்று ஒரு வரி அந்த அறிக்கையில் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எப்படியோ, கொட்டாய் பட்டாளத்துக்கு முன்போ பின்போ சொந்தமில்லை, அந்த அம்மாவுக்குத்தான் சொந்தம் என்று முடிவாயிற்று.

பாய் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், ரங்கூனிலும் கோழி இருந்திருக்கும்தானே என்று தானே சமாதானமாகிவிட்டார். பாஸ்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததைப் பற்றி நெடுநேரம் பேசினார். என் மனைவி மட்டும், முதல் நாளே தனக்குத் தெரியும் என்று சொல்லத் தொடங்கியவள் இன்றுவரை நிறுத்தவில்லை.

கொட்டாயம்மாதான் மாறிப்போனார். கதை சொல்வதை விட்டுவிட்டார். யார் வந்து கேட்டாலும் கோழிக் கொட்டாய் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். வந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் போவார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் போய்த் தேடினேன். முதல் உலகப் போரில் ஒரு ராணுவ இன்ஜினியர் இப்படி வளைந்த தகரக் கட்டடத்தை வடிவமைத்திருக்கிறார். பெட்டியில் அடுக்கிக் கப்பலில் ஏற்றி, போகிற இடத்தில் நாலைந்து பேர் நின்று ஒரு நாளில் முடுக்கிவிடலாம். இரண்டாவது போரில் அமெரிக்காக்காரர்கள் அதையே ஆயிரக்கணக்கில் செய்து உலகம் முழுக்க இறக்கினார்கள். ஆஸ்பத்திரியாக, தேவாலயமாக, சாப்பாட்டுக் கூடமாக, கிடங்காக, விமானம் நிறுத்தும் இடமாக எல்லாம் அது இருந்திருக்கிறது. போர் முடிந்ததும் மலிவாக விற்றார்கள். ஜனங்கள் வாங்கிக் குடியிருந்தார்கள், கடை வைத்தார்கள், கோழியும் வளர்த்தார்கள். கொட்டாயம்மா சொன்ன பொய் ஒவ்வொன்றும் எங்கேயோ ஒரு கொட்டாய்க்கு உண்மையாக இருந்தது.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் வேற வேற கொட்டாய் தம்பி" என்றார். "இது அவரு முடுக்குனது."

2012 ஆவணியில் அந்த ஆர்.ஐ. திரும்ப வந்தார். எல்லாரும் முதலில் அவர் கையைத்தான் பார்த்தோம். அதில் பைல் இல்லை. மகளுக்கு நிச்சயதார்த்தமாம். முகூர்த்த நாள், ஊரில் ஒரு மண்டபமும் கிடைக்கவில்லையாம். கொட்டாயம்மா சரி என்றார். நாற்காலி, பாத்திரம் எல்லாம் நான் தருவதாகச் சொன்னேன். எல்லாம் பேசி முடித்த பிறகும் ஆர்.ஐ. கிளம்பாமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் கொட்டாய்க்குள் நின்றுகொண்டு, பேசினார். பின்கோடியில் ஜமுக்காளம் மடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சம்பந்தி வூட்டுக்காரங்க சிதம்பரம்மா. கொஞ்சம் பெரிய எடம். இது என்னா கட்டடம்னு கண்டிப்பா கேப்பாங்க. கோழின்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த ரங்கூன் கத நல்லாருந்திச்சு, அதச் சொல்லுங்களேன்."

சிதம்பரம் என்ற சொல் கொட்டாயம்மாவை எங்கே கொண்டுபோயிற்றோ தெரியாது. நான் ஜமுக்காளத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்து ஆர்.ஐ.க்கு எதிரே போட்டார். முகத்தில் அந்தப் பழைய களை வந்திருந்தது.

"கோழின்னுதான் சார் சொல்வேன். ஆனா எங்க வூட்டுக்காரரு வளத்தது என்ன சாதாரணக் கோழியா? உக்காருங்க."